கயிற்றுப் பாலச் சண்டை

என் கணவர் வாழ்நாளில் ஒரு காமிக்ஸ்கூடப் படித்ததில்லை. ஆனாலும் செங்கம் ரோட்டுக் கல்யாண மண்டபத்து வாசலில் அவர் தன் பெயரைச் சொன்னதும் ஆரணிக்காரர் ஓடிவந்து அவரைத்தான் கட்டிப்பிடித்தார். நான் பக்கத்தில் புத்தகப் பெட்டியும் கையுமாக நின்றிருந்தேன்.

தப்பு ஆரணிக்காரர் மேல் இல்லை. காமிக்ஸ் வாசகர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் நான் சேர்ந்து ஆறு வருடமாகிறது. சிம் கார்டு கணவர் பெயரில் வாங்கியது. குழுவிலும் அதே பெயர், படத்துக்கு ஒரு தொப்பி. சேர்ந்த அன்றே "வாங்கண்ணே" என்று வரவேற்றார்கள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அதற்குள் இன்னொரு பெண் சேர்ந்தார். சொந்தப் பெயரில், சொந்தப் படத்தோடு. வந்த வேகத்தில் ஒரு புத்தகத்தின் மொழிபெயர்ப்பு சுமார்தான் என்று எழுதினார். அதையே நான் எழுதியிருந்தால் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பார்கள். அவருக்கோ, "சரியா சொன்னீங்க சிஸ்டர்" என்று வரிசையாகப் பதில்கள், காலையில் ரோஜாப்பூ. ஒரே மாதத்தில் அவர் விலகிவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

எனக்கு ரோஜாப்பூ வேண்டாம், சண்டை வேண்டும். நாள் முழுக்க ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்துகிறவள் நான். வருகிறவர்கள் எல்லோரும் "சரிங்க மேடம்" என்று கையை நீட்டுவார்கள். வீட்டில் குழம்பில் உப்பு கம்மி என்பதற்கு மேல் ஒரு விவாதம் நடக்காது. ஒரு கட்டத்துக்குள் வரைந்த படத்துக்காக என்னோடு மல்லுக்கு நிற்க உலகத்தில் ஒரே ஆள்தான் இருந்தார். அது ஆரணியில் பேக்கரி வைத்திருக்கும் இவர்.

எங்கள் சண்டை ஒரு கௌபாய் குதிரைவீரர் கதையைப் பற்றியது. கதாநாயகன் கயிற்றுப் பாலத்தின் நடுவில் இருக்கிறான், பின்னால் கொள்ளைக்காரர்கள் துரத்துகிறார்கள். அப்போது கயிறு அறுபடுகிறது. நாற்பத்திரண்டாம் பக்கத்தில் கத்தி பிடித்த ஒரு கையும், சட்டைக் கையில் ஒரு பொத்தானும் மட்டும் தெரியும். வசனம் கிடையாது. கை யாருடையது என்பதில் சந்தேகமில்லை, கதாநாயகனின் உயிர் நண்பனுடையதுதான். ஆற்றில் விழுந்து தப்பித்த கதாநாயகன் அதன்பின் மூன்று புத்தகங்களுக்கு அவன் முகத்திலேயே விழிப்பதில்லை. நண்பன் தனியாகக் கிடந்து சாகிறான்.

நண்பன் துரோகி என்பது ஆரணிக்காரர் கட்சி. அன்றைக்குப் பனிமூட்டம், பாலத்தில் கதாநாயகன் இருப்பது தெரியாமல் கொள்ளைக்காரர்களைத் தடுக்கத்தான் அறுத்தான் என்பது என் கட்சி. மாவு பிசைந்துகொண்டே வாய்ஸ் நோட் அனுப்புவார். ஒருமுறை "மூளை கெட்ட மனுஷன்யா நீ" என்றார். அன்றைக்கெல்லாம் எனக்கு ஒரே சந்தோஷம். நான் எழுதத்தான் செய்வேன், பேசமாட்டேன். தொண்டை சரியில்லை என்று ஆறு வருடமாகச் சொல்லிவருகிறேன். கோயிலுக்கு வருகிறேன், பார்க்கலாம் என்று அவர் இரண்டு முறை சொன்னபோதும் வெளியூரில் இருப்பதாகச் சொல்லித் தப்பித்தேன்.

ஆனால் குழுவின் வாசகர் மாநாடே எங்கள் ஊரில் என்றானபின் எங்கே ஓடுவது? பௌர்ணமி கிரிவலக் கூட்டம் இல்லாத ஞாயிறாகப் பார்த்துத் தேதி சொன்னதும் நான்தான். உண்மை தெரிந்தால் யாரும் என்னைத் திட்டமாட்டார்கள் என்று தெரியும். மரியாதை கொடுப்பார்கள். என் பயமே அதுதான். விஷயம் தெரிந்த ஒரே ஆளான கணவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

இப்போது ஆரணிக்காரர் என் கணவரின் தோளைப் பிடித்து உலுக்கினார். "அண்ணே, பாலம் விஷயம் இப்பவாவது ஒத்துக்கினீங்களா?"

"ரயில்வே மேம்பாலமா? அதத் தொறந்து நாளாச்சுங்களே" என்றார் என் கணவர்.

ஆரணிக்காரர் விழித்தார். கணவர் என் பக்கம் சாய்ந்து, "நானே சமாளிச்சிடட்டுமா?" என்று கிசுகிசுத்தார். சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். ஆனால் என் சண்டையை இன்னொருவர் போட்டு, அதுவும் இவ்வளவு கேவலமாகத் தோற்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அது நான்தாங்க" என்றேன். "ஆறு வருஷமா எழுதறது இவரு இல்ல, நானு."

கணவரின் தோளிலிருந்து அவர் கை மெதுவாக இறங்கியது. தன் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "வணக்கங்க மேடம்" என்றார். அவ்வளவுதான். யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள், இன்னொருவர் அதை ஃபேனுக்குக் கீழே நகர்த்திப் போட்டார், தண்ணீர் பாட்டில் வந்தது.

மண்டபம் நன்றாகத்தான் இருந்தது. மணமேடையில் பேனர், கீழே மேசை மேசையாகப் பிளாஸ்டிக் உறை போட்ட பழைய இதழ்கள். வங்கி மேனேஜர் ஒருவர் குதிரைவீரர் தொப்பியும் பூட்ஸுமாகத் திரிந்தார். ஆசிரமப் பக்கத்திலிருந்து வந்த வெள்ளைக்காரப் பெண்மணி அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். பல வருடம் தேடிய இரண்டு இதழ்கள் எனக்குக் கிடைத்தன. வாங்கிப் பையில் போட்டேன், பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஆரணிக்காரரின் மேசைக்குப் போனேன். எழுந்து நின்றார்.

"பாலம் விஷயத்துல நீங்க சொன்னதுதாங்க மேடம் கரெக்டு" என்றார்.

ஆறு வருடமாக நான் கேட்கத் தவித்த வார்த்தை. அதை மொய்க் கவர் போலப் பணிவாக நீட்டுகிறார். எனக்கு அழுகை வந்தது. பின்னாலேயே கோபமும் வந்தது.

"அப்படின்னா உங்க ஹீரோ ஒரு அவசரக்குடுக்கை. ஒத்துக்கறீங்களா?"

"அது வந்து... கோவத்துல ஏதோ..."

"மூணு புக்கு முழுக்கவா கோவம்? கூடப்பொறந்தவன் மாதிரி இருந்தவன அநாதையா சாக விட்டாரு. ஈவு இரக்கம் இல்லாத ஆளு."

"அப்படியும் சொல்லலாங்க மேடம்." ஏற்கெனவே நேராக இருந்த புத்தகங்களை மறுபடி அடுக்கினார். காது சிவந்திருந்தது.

பேக்கரியில் கல்லாவுக்கு மேல் அந்தக் கதாநாயகனின் படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். குழுவில் எல்லோருக்கும் தெரியும்.

"சொல்லலாம் இல்லீங்க, அப்படித்தான். ஊருக்குப் போனதும் அந்தப் படத்தக் கழட்டிடுங்க."

கையிலிருந்த புத்தகத்தை மேசைமேல் பட்டென்று போட்டார். "யோவ், இன்னா ஜாஸ்தி பேசற? பனிமூட்டமாம் பனிமூட்டம்! பொத்தானே பளிச்சுனு தெரியுது, பாலத்துல நிக்கிற ஆளு தெரியமாட்டானா? கண்ணு அவிஞ்சிபோச்சாண்ணே உனக்கு?"

சுற்றியிருந்த மேசைகளில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "மேடம், மன்னிச்சிடுங்க, பழக்கதோஷத்துல..."

நான் அதற்குள் பெட்டியைத் திறந்து, அந்தப் புத்தகத்தை எடுத்து, நாற்பத்திரண்டாம் பக்கத்தை விரித்து அவர் முன்னால் வைத்திருந்தேன். "பொத்தான் கிட்டக்க இருக்குது, தெரியுது. பாலம் எவ்ளோ தூரம்? அத மொதல்ல சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார், பக்கத்தைப் பார்த்தார். நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தார். மேல் பொத்தானைக் கழற்றிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். என் கணவர் பந்தியில் இடம் பிடித்துவிட்டுக் கையாட்டினார். ஆரணிக்காரர் மனமில்லாமல் எழுந்தார்.

"சாப்ட்டு வரேன். எங்கியும் ஓடிடாதீங்க. இன்னிக்கி உங்கள சும்மா விடப்போறதில்ல."

மேடம் என்று சொல்லவில்லை. எனக்குப் பசி பறந்துபோயிருந்தது. புத்தகத்தை விரித்தபடியே வைத்துக்கொண்டு, அவர் சாப்பிட்டுவிட்டு வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.