எத்தீனுக்கு இரண்டு விடை

காலேஜில் கெமிஸ்ட்ரி நடத்தி ரிட்டயர் ஆன நான் வீட்டில் சும்மா இருந்திருக்கலாம். புத்தி கெட்டுப்போய், எங்கள் பழைய தங்கச் சுரங்க ஊரான பாலகாட்டில் ஒரு கோச்சிங் சென்டரில் சேர்ந்தேன்.

முதல் நாள் டைரக்டரின் கிளாஸில் உட்காரவைத்தார்கள். பெங்களூர் சாஃப்ட்வேர் வேலையை விட்டு வந்தவர். கெமிஸ்ட்ரியைப் பள்ளிக்கூடத்தோடு தலைமுழுகியவர். போர்டில் எத்தீன் வரைந்தார்: நடுவே இரட்டைக் கோட்டில் இணைந்த இரண்டு கார்பன், ஒவ்வொன்றிலும் ஒற்றைக் கோட்டில் இரண்டு ஹைட்ரஜன்; கோடு ஒவ்வொன்றும் ஒரு பாண்ட், அதாவது பிணைப்பு. "ஒரு கோடுன்னா சிக்மா பாண்ட், ரெண்டு கோடுன்னா ரெண்டும் பை பாண்ட். அவ்ளோதான், மண்டையில ஏத்திக்கோங்க" என்றார். அவர் கணக்கில் எத்தீனில் நாலு சிக்மா, ரெண்டு பை. பிள்ளைகள் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்கள்.

உண்மையில் ஐந்து சிக்மா, ஒரு பை. இரண்டு கார்பன்களின் ஆர்பிட்டால்கள், அதாவது எலக்ட்ரான்கள் உலவும் இடங்கள், நேருக்கு நேர் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால் சிக்மா. அப்படி நெருங்கி நின்றபின் மிச்சமிருக்கும் பி ஆர்பிட்டால்கள் பக்கவாட்டில், மேலும் கீழுமாகப் பொருந்தினால் பை. இரண்டு கோட்டில் ஒன்று அது, ஒன்று இது. இதற்கு ஷார்ட்கட் எதற்கு?

அடுத்த டெஸ்டில் அதே கேள்வி. மெர்சி என்ற பெண் சரியாக எழுதினாள். தப்பு என்று அடித்து, அந்த மார்க் குறைந்ததால் ஏ பேட்சிலிருந்து பி பேட்சுக்குத் தள்ளினார்கள். மெடிக்கல் என்ட்ரன்ஸ் கோச்சிங் ஏ பேட்சுக்கு மட்டும்தான். அவர்களுக்கு நீல டி-ஷர்ட். எங்கள் மாரிகுப்பம் ரயில்வே ஸ்டேஷனில்கூட அந்த நீலத்துக்குத் தனி மரியாதை, கண்றாவி.

டைரக்டரிடம் போய் ஆன்சர் கீ தப்பு என்றேன்.

"இன்னா மேடம், கீ பேரன்ட்ஸ் குரூப்புக்குப் போயிடிச்சி. இப்ப மாத்துனா சென்டர் பேரு இன்னா ஆவறது?"

"அப்ப அந்தப் பொண்ணு?"

"ரீடெஸ்ட் எழுதட்டும். நம்ம மெத்தட்ல எழுதுனா ஏ பேட்ச்."

ரீடெஸ்டுக்கு நான்தான் சூப்பர்வைசர். மெர்சியின் பேப்பரை வாங்கிப் பார்த்தேன். நாலு சிக்மா, ரெண்டு பை.

"இன்னாம்மா இது?"

"அஞ்சு, ஒண்ணுன்னு தெரியும் மேடம். அத்த என்ட்ரன்ஸ்ல எழுதிக்கிறேன். இங்க சார் சொன்னத எழுதுனாத்தான் உள்ள வுடுவாங்க."

மறுநாள் நீல டி-ஷர்ட்டில் வந்தாள். "பாத்தீங்களா மேடம், நம்ம மெத்தட் வேலை செய்யுது" என்றார் டைரக்டர். அந்த வாரமே வேலையிலிருந்து நின்றுவிட்டேன்.

இந்த வேலைக்கு வரும் இளைய ஆசிரியர்களே, சம்பளம் பேசுவதற்கு முன்னால் ஆன்சர் கீ யார் போடுகிறார் என்று கேளுங்கள். டாக்டராக வேண்டிய பெண்ணுக்கு நாங்கள் உருப்படியாகக் கற்றுக்கொடுத்தது, தெரிந்தே தப்பாக எழுதுவதைத்தான்.