பல்லுக்காரர் வீட்டுத் தடியன்

செய்து முடித்த பல்செட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். பிறகு அதைப் பார்த்து ஒருமுறை இளிக்கிறார். அது ஏற்கனவே இவரைப் பார்த்து இளித்துக்கொண்டுதான் இருக்கிறது. இரு தரப்புக்கும் திருப்தி என்றால்தான் செட் டப்பாவுக்குள் போகும். அறுபதை நெருங்கும் ஒரு மனிதர் ஊரார் பல்லோடு இப்படி இளித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, அவர் வீட்டு மாடியில் குடிவந்த புதிதில் எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

நாங்கள் ஜெபத்துக்குப் போகும் சபையில் அவருக்குப் பெயர் பல்லுக்காரர். பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பல் பதித்து, மெழுகை உருக்கி எடுத்துவிட்டு அந்த இடத்தில் ரோஜா நிறப் பசையை அடைத்து, வெந்நீரில் வேகவைத்து, மெருகேற்றிக் கொடுப்பவர் இவர். எந்த நோயாளியின் முகத்தையும் பார்த்தது கிடையாது. ஆனால் அச்சை வைத்துக்கொண்டு ஜோசியம் சொல்வார். "இந்தம்மா கோவக்காரி தம்பி. கீழ்ப்பல்லு எப்படித் தேஞ்சிருக்கு பாருங்க. வீட்டுக்காரர் பாடு கஷ்டம்."

வீடு இரண்டே அறை. முன்னறை பட்டறை, பின்னறையில் குடித்தனம், நடுவில் ஒரு திரைச்சீலை. பெண்கள் இருவரும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது அவர், நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவி, அப்புறம் தடியன். தடியன் ஆரஞ்சு நிறப் பூனை. ஒரு காது பாதிதான் இருக்கும். வெந்நீர்ப் பாத்திரத்தின் சூடு படும் இடமாகப் பார்த்து, வேலை மேஜையின் அடியில் மல்லாந்து கிடக்கும். மழைநாளில் சாக்கடை ஓரமாகக் கிடந்ததைப் பல்லுக்காரர்தான் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். அக்கா பூனையை நேரடியாகத் திட்டுவதில்லை. எல்லாம் புருஷன் வழியாகத்தான். "உங்க சீமந்த புத்திரன் பால்ல வாய வச்சுட்டான். என்னன்னு கேளுங்க."

ஞாயிற்றுக்கிழமை மாலை ஜெபக்கூட்டத்தில், அந்த வாரம் கடவுள் தனக்குக் கற்றுக்கொடுத்ததை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். ஒருவருக்குத் தலைவலி போயிருக்கும், இன்னொருவருக்குக் கடைசி பஸ் கிடைத்திருக்கும். நான் பின்வரிசைக்காரன், அந்த நேரத்தில் பெரும்பாலும் கண்ணை மூடிவிடுவேன். பல்லுக்காரர் எழுந்தால் மட்டும் திறப்பேன். ஏனென்றால் அவர் கற்றுக்கொண்டதெல்லாம் தடியனிடம்.

"நேத்து ராத்திரி என் செருப்பு மேல ஒரு கரப்பான்பூச்சியக் கொண்டுவந்து வச்சிருக்கான். பாதி உசுரு இருக்கு, காலை ஆட்டுது. வச்சுட்டு என் மூஞ்சியையே பார்க்கிறான். பெரிய சாதனை! நானும் 'அடடா, எனக்கா ராசா?'ன்னு வாங்கிக்கிட்டேன். அப்பத்தான் தோணுச்சு. நாம ஆண்டவருக்குக் கொடுக்கிற காணிக்கையும் அவரு கண்ணுக்கு இப்படித்தான் இருக்கும்."

காணிக்கைப் பை சுற்றிவர வேண்டிய நேரம் அது. போதகர் இருமினார். அன்று வசூல் குறைந்ததாகக் கேள்வி.

போதகர் வீட்டில் நாய் உண்டு. உட்கார் என்றால் உட்காரும், வா என்றால் வரும். கீழ்ப்படிதலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்த நாய் பிரசங்கத்துக்குள் வந்துவிடும். பல்லுக்காரர் அதைத் தப்பு சொல்லமாட்டார். ஒருநாள் வாசலில் வைத்து என்னிடம் மட்டும் சொன்னார். "நாய் நல்ல விசுவாசி தம்பி. அது மோட்சத்துக்குப் போனா அதுல என்ன அதிசயம்? பூனை போனாத்தான் கிருபை. என் தடியன் கூப்பிட்டா வரமாட்டான், பசிச்சா வருவான். நானும் ஆண்டவர்கிட்ட அப்படித்தானே போறேன்? அதுக்காக அவரு என் தட்டைப் பிடுங்கிட்டாரா? என்ன செஞ்சாலும் வெளியே தள்ளமாட்டாரு. நான் அவரு வீட்டுப் பூனை." சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. நான் தலையை ஆட்டி வைத்தேன்.

வினை ஒரு முடியில் வந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், புதுப் பல்செட்டைக் கழுவும்போது அண்ணப் பகுதியின் ரோஜா நிறத்துக்குள் மெல்லிய கோடு ஒன்றைப் பார்த்தார். விரிசல் என்று டாக்டரிடம் எடுத்துப் போனார். டாக்டர் விளக்கடியில் பிடித்தார். விரிசல் ஆரஞ்சு நிறத்தில் வளைந்திருந்தது. பசையோடு சேர்ந்து வெந்து, கெட்டிப்பட்டு, சுரண்டினாலும் வராத இடத்தில் இருந்தது. "இது பூனை முடி டாக்டர்! நானும் பூனை வளர்த்தவதான். என் வாயில என்ன பூனையா குடியிருக்கு?" என்று அந்த அம்மாள் போட்ட சத்தம், வரவேற்பறையில் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தவர்கள் வரைக்கும் கேட்டது.

பல்லுக்காரருக்கு முக்கால்வாசி வேலை வருவது அந்த டாக்டரிடமிருந்துதான். அவரே நேரில் வந்தார். மேஜையின் அடியில் மல்லாந்து கிடந்த குற்றவாளியைப் பார்த்தார். "அண்ணே, உங்களை மாதிரி வேலை செய்ய எனக்கு வேற ஆள் கிடைக்காது. ஆனா இது வாய்க்குள்ள போற சாமான்."

"நடுவுல கதவு வச்சுடறேன் டாக்டர்."

"உங்க சட்டையிலயே நாலு முடி தெரியுதுண்ணே. கதவு வச்சு என்ன பண்ண? இந்தப் பூனை வீட்டுல இருக்கிற வரைக்கும் நான் அச்சு அனுப்பமாட்டேன்."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. பல்லுக்காரரும் அதைத்தான் சொன்னார். சொல்லிவிட்டுச் சபைக்காரர்கள் வீடு வீடாக ஏறி இறங்க ஆரம்பித்தார். தடியனை யாராவது வாங்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு காலம் அவர் பேசிய பேச்சே அவரை ஒவ்வொரு வாசலிலும் முந்திக்கொண்டு நின்றது. தையல்கார அம்மா ஊசியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "என்னண்ணே இப்படிக் கேக்கறீங்க? 'அது என்னைத் தேடி வரலை, நான்தான் அதைத் தூக்கிட்டு வந்தேன்'னு நீங்க அழுதப்ப நானும் சேர்ந்து அழுதேனே. அதை எப்படி நான் வாங்குறது?" டாக்ஸி ஓட்டுகிறவர் முழுக்கக் கேட்டுவிட்டு, இவர் தோளில் தட்டிச் சிரித்தார். "சோதிச்சுப் பார்க்கிறீங்க! புரிஞ்சிடுச்சு பிரதர். எல்லாரும் கைவிட்டாலும் ஒருத்தர் கைவிடமாட்டார்னு ஞாயித்துக்கிழமை முடிக்கப்போறீங்க. அருமை!" இவர் எவ்வளவு சொல்லியும் அந்த மனிதர் நம்பவில்லை. போதகர் வீட்டில் நாய்.

அக்கா கடைசியில் சொன்னார். "ஊருக்கே உபதேசம் பண்ணி வச்சிருக்கீங்க, இனி யார் வாங்குவா? கொண்டுபோய் விடுறதுன்னா விடுங்க. எங்கன்னு மட்டும் என்கிட்ட சொல்லாதீங்க."

மூடி போட்ட கூடையில் வைத்து, இரண்டு பஸ் மாறி, மீன் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனார். அங்கே பட்டினி கிடக்காது என்பது கணக்கு. கடைகளின் பின்பக்கமாகக் கூடையைத் திறந்தார். தடியன் இறங்கி, ஈரத்தில் ஒரு காலைத் தூக்கி உதறிவிட்டு, எங்கே வந்திருக்கிறோம் என்று கேட்கிற மாதிரி இவரைத் திரும்பிப் பார்த்தது. மீன் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்தாள்.

"ஐயா, உங்க பூனையா அது?"

"இல்லைம்மா. எனக்குத் தெரியாது."

சேவல் எதுவும் கூவவில்லை. ஐஸ் உடைக்கிற இயந்திரம்தான் ஓடிக்கொண்டிருந்தது. காலிக் கூடையோடு பஸ் ஏறிப் பாதி தூரம் வந்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்திருக்கிறது.

அந்த ஞாயிறு போதகரே கூப்பிட்டார். "நம்ம பல்லுக்கார அண்ணன் என்ன கொண்டு வந்திருக்கார்?" பிள்ளைகள் முன்வரிசைக்கு நகர்ந்தன. இவர் எழுந்து, முன் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இந்த வாரம் ஒண்ணும் இல்லை" என்றார். பலரும் சிரித்தார்கள். வழக்கமாக இப்படி எதையாவது சொல்லித்தான் ஆரம்பிப்பார். டாக்ஸிக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம், "கேளுங்க, இப்ப வருது பாருங்க" என்றார். ஒன்றும் வரவில்லை. அவர் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை மாடி ஏறி என் வீட்டுக்கு வந்தார். அதுவரை வந்ததே இல்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மார்க்கெட்டில் நடந்ததைச் சொன்னார்.

"இயேசுவைத் தெரியாதுன்னு சொல்லிட்டு, சேவல் கூவினப்ப அழுதாரே, அந்தச் சீஷன். அவராவது மூணு தடவை கேட்டப்புறம் மூணு தடவை சொன்னாரு. தன்னையும் பிடிச்சுக்கிட்டுப் போயிடுவாங்கன்னு பயம். எனக்கு என்ன பயம் தம்பி? ஒரே தடவையில முடிச்சுட்டேன்."

"பூனைதானேண்ணே" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

"பூனைதான். ஆனா என்னைப் பத்தி நான் வேற எதை வச்சு இத்தனை வருஷம் பேசினேன்? ஆண்டவரு என்னைத் தள்ளவே மாட்டாருன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். எனக்கு எப்படித் தெரியும்? நான் தடியனைத் தள்ளமாட்டேன், அதனால தெரியும். இப்ப நான் தள்ளிட்டேன். யாராவது ஒரு பெரிய டாக்டர் கோவிச்சுக்கிட்டா ஆண்டவரும் என்னைக் கூடையில வச்சுக் கொண்டுபோய் விட்டுருவாரோன்னு இருக்கு. சிரிக்காதீங்க. மூணு நாளா ஜெபம் பண்ண வாய் வரமாட்டேங்குது."

நான் சிரிக்கவில்லை. அவர் என் போனைக் கேட்டு வாங்கி, அங்கேயே உட்கார்ந்து டாக்டரை அழைத்தார்.

"டாக்டர், பூனையைத் திரும்பக் கூட்டிட்டு வரப்போறேன். கிடைச்சா வீட்டுலதான் இருக்கும். உங்ககிட்ட மறைச்சு வச்சு வேலை செய்ய இஷ்டமில்லை." எதிர்முனையில் நெடுநேரம் பேசினார்கள். "இல்லை டாக்டர், நீங்க சொல்றது சரிதான். உங்க மேல ஒரு வருத்தமும் இல்லை. கையில இருக்கிற அச்சையெல்லாம் கொடுத்தனுப்பிடறேன்."

கீழே போய் அக்காவிடம் சொன்னபோது நானும் கூட நின்றேன், ஒரு பாதுகாப்புக்கு. அக்கா அடுப்பை அணைத்தார். மேஜையில் வரிசையாக இருந்த பிளாஸ்டர் வாய்களை ஒருமுறை பார்த்தார். "பொண்ணுங்ககிட்ட போய் நிக்கமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றார். பிறகு, "கூடையை எடுத்துக்கிட்டுப் போங்க. கையில தூக்கிட்டு வந்தா பஸ்ஸுல ஏத்தமாட்டான்" என்றார்.

கூடை என் கையில். மார்க்கெட்டில் சாயங்காலக் கூட்டம். பல்லுக்காரர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார், ஏதோ பெரிய இடத்துக்குப் போகிறவர் போல. மீன் வெட்டும் பெண் அவரைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள்.

"அம்மா, ஒரு ஆரஞ்சுப் பூனை. பாதிக் காது."

"அன்னைக்குக் கேட்டேனே ஐயா. உங்களது இல்லைன்னீங்க?"

சுற்றிலும் நாலைந்து பேர் நின்றார்கள். அவர் குரலைத் தாழ்த்தவில்லை. "பொய் சொன்னேம்மா. என் பூனைதான். நான்தான் கொண்டுவந்து விட்டேன்."

அவள் ஒரு நிமிஷம் அவரை மேலும் கீழும் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். கத்தி முனையால் தன் கல்மேடையின் அடியைக் காட்டினாள். "வந்ததுலேர்ந்து அங்கதான் கிடக்கு. வெளிய வரமாட்டேங்குது. தலை போட்டாலும் தின்னமாட்டேங்குது. கிட்டப் போகாதீங்க, கிழிச்சிடும்."

மேடைக்கும் தரைக்கும் இடையே ஒரு கை நுழையும் அளவுதான் இடைவெளி. மீன் செதிலும் ரத்தத் தண்ணீருமாக ஓடிக்கொண்டிருந்த தரையில் பல்லுக்காரர் முதலில் மண்டியிட்டார், அப்புறம் குப்புறப் படுத்தார். கன்னம் தரையில் பட்டது. "தடியா" என்றார். உள்ளேயிருந்து உறுமல் வந்தது. தோள்வரை கையை உள்ளே விட்டார். சீறல் கேட்டது, அவர் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. கல்லுக்கு அடியிலிருந்து ஓடிவந்த தண்ணீரில் புதுச் சிவப்பு கலந்திருந்தது.

"அண்ணே, கையை எடுங்க" என்று கத்தினேன்.

கன்னத்தைத் தரையிலிருந்து எடுக்காமலேயே, மாட்டேன் என்று தலையை அசைத்தார். கையை இன்னும் கொஞ்சம் உள்ளே நீட்டினார்.