இரண்டு நேரம் ஓடிய வாவி

கணினியில் இயங்குதளம் நிறுவுவது நோகாத வேலை என்று நினைப்பவர்கள், மின்சாரம் எப்போது போகுமென்று தெரியாத ஊரில் ஒருதரம் நிறுவிப் பார்க்கட்டும். நொந்த நண்பர்களே, உங்களுக்கு விளங்கும்.

குறை கேட்கும் உலகம்

போர்க்காலத்தில் நாவற்குடாவில் சின்னக் கணினிக் கடை வைத்திருந்தேன். அதற்கு முன் என் தொழில், ஊர்க் குறைகளைத் துண்டுப்பிரசுரமாக எழுதுவது. அரசாங்கத்துக்கு எழுதிய எதற்கும் பதில் வந்ததில்லை.

வாவிக்கு அப்பால், அரசாங்கத்தின் கட்டுப்பாட்டில் இல்லாத படுவான்கரையில், சிவமலர் ரீச்சர் அட்டையில் கீறிய விசைப்பலகையில் பிள்ளைகளுக்குத் தட்டச்சுப் பழக்கினார். அவருக்கு எங்கள் கரையில் ஒரு பழைய கணினி கிடைத்தது; அதைத் தயார்செய்ய என் கடைக்கு வந்தார். அதை அக்கரைக்குக் கொண்டுபோக இராணுவம் ஒரேயொரு தடவைக்குத்தான் அனுமதி தந்தது. அங்கே பழுதானால் திருப்பிக் கொண்டுவர வழியில்லை.

இலவசமான லினக்ஸ் இயங்குதளத்தைப் போடலாம் என்றேன். அதைச் செய்பவர்கள் பல நாட்டுத் தன்னார்வலர்கள், பிழை கண்டால் எழுதுங்கள் என்று அவர்களே கேட்கிறார்கள் என்றேன். ரீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"குறை சொல்லுங்க எண்டு கேக்கிறாங்களா? அண்ணன், உங்களுக்கெண்டே செஞ்சிருக்காங்க."

வலைக்கண்

நிறுவும்போது தமிழைத் தெரிவுசெய்தேன். எழுத்துகள் வரவில்லை, திரை நிறைய வெறுங்கட்டங்கள். எதை அழுத்தினால் என்ன அழியுமோ! கணினியை ஏற்றத் தோணியோடு வந்த மீனவர் நாகலிங்கம் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"வலை நல்லாத்தான் இருக்கு. மீனைத்தான் காணல்ல."

அதை அப்படியே அந்தத் தன்னார்வலர்களுக்கு எழுதி அனுப்பினேன். நிறுவும் வட்டில் தமிழ் எழுத்துரு சேராமற் போயிருந்ததாம். புதிய வட்டு தபாலில் வந்தது. கூடவே ஒரு வரி: "உங்கள் மீன்காரரிடம் சொல்லுங்கள், மீனை விட்டிருக்கிறோம்."

தண்ணீரில் கரைந்த அரைமணி

அந்த வருடங்களில் அரசாங்கம் மணிக்கூட்டை அரைமணி முன்னே தள்ளியிருந்தது. படுவான்கரை அதை ஏற்கவில்லை. தோணி நடு வாவிக்கு வந்ததும் அந்த அரைமணி எங்கோ தண்ணீரில் கரைந்துவிடும். துடுப்பை நிறுத்தினால், எந்தக் கரையின் நேரமும் இல்லாத ஓர் அமைதியில் மிதக்கலாம்.

நேரத்தைத் தெரிவுசெய்யும் கட்டத்தில் திரையில் உலகப்படம் வந்தது. எங்கள் நாட்டுக்கு ஒரே புள்ளி, கொழும்பு. ரீச்சர் உற்றுப் பார்த்தார். "இது இஞ்சத்த நேரம். எங்கட பிள்ளையள்ற நேரம் எங்க?" கல்கத்தாவைத் தெரிவுசெய்தால் அக்கரை மணி பொருந்தும். ஆனால் எங்கள் கரைக்கு இன்னொரு நாட்டு முகவரியா? எழுதினேன். ஒரு நாட்டில் இரண்டு நேரமா என்று வியந்தார்கள். ஊரைத் தெரிவுசெய்தபின் மணியைத் தனியே மாற்ற அடுத்த வட்டில் ஓரிடம் வைத்தார்கள்.

ரீச்சர் தன் கையாலேயே நேரத்தைப் பின்னே இழுத்தார். கணினி சாக்குப் போர்த்தி, விடியற்காலப் பனியில் வாவியைக் கடந்தது. திரும்பி வந்த நாகலிங்கம் கரையில் நின்றே கத்தினார்.

"வேலை செய்யுது! பிள்ளையள் அட்டையக் கிழிச்சுப் போட்டுட்டாங்க!"

நேரம் ஒன்றானபின்

பிறகு ஒருநாள் அரசாங்கம் தானாகவே பழைய நேரத்துக்குத் திரும்பியது. அதற்குப் பின்னால் பீரங்கி ஷெல் வந்தது. படுவான்கரைச் சனங்கள் கையில் அகப்பட்டதோடு வாவியைக் கடந்தார்கள். எங்கள் கரையிலுள்ள குருக்கள்மடத்தில் ஓர் அகதிக் கூடாரத்தில் ரீச்சரைக் கண்டேன். பிள்ளைகள் சுற்றியிருக்க, புதிய அட்டையில் விசைகளைக் கீறிக்கொண்டிருந்தார். அட்டையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். அவரே சொன்னார்.

"நேரம் ரெண்டு கரைக்கும் ஒண்டாப் போச்சு அண்ணன். கொம்பியூட்டர்தான் அங்கால நிண்டுட்டு."

முகம் தெரியாதவர்கள் எங்கள் பேச்சைக் கேட்டு இரண்டு பிழைகளைத் திருத்தினார்கள், முகம் தெரிந்த அரசாங்கத்தாரோ என் முதலாவது துண்டுப்பிரசுரத்தையே இன்னும் வாசித்து முடிக்கவில்லை.