நாலு மணி நேரப் பயணம்

கடைத்தெருவில் விமான டிக்கெட் விற்றவனுக்கு அப்பா ஆசையாய் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஊர் அதை மறந்து 'நாலுமணி' என்றே கூப்பிட்டது. வானத்தையே பாயாகச் சுருட்டி, கக்கத்தில் இடுக்கி விற்கக்கூடியவன். பூமியின் மறுபக்கத்தில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெரியவர்கள், "அவ்வளவு தூரம் உட்கார்ந்தே போகணுமாமே" என்று பயந்து வருவார்கள். இவன் டிக்கெட்டைத் திருப்பிக் காட்டுவான்.

"பாருங்கய்யா. பத்து மணிக்கு ஏறுறீங்க, ரெண்டு மணிக்கு இறங்குறீங்க. நாலு மணி நேரம். ஒரு தூக்கம் போட்டா வந்துடும்."

ஏறுவது இந்த ஊர்க் கடிகாரத்தில், இறங்குவது அந்த ஊர்க் கடிகாரத்தில் என்பதை மட்டும் மென்று விழுங்கிவிடுவான். நடுவே பன்னிரண்டு மணி நேரம் மாயமாகியிருக்கும். ஒரு வேளை மாத்திரையோடு ஏறியவர்கள் கால் பூசணிக்காயாய் வீங்கி இறங்கினார்கள். இறங்கிய இடத்திலேயே திட்டினார்கள். அத்தனை தூரத்துத் திட்டு யார் காதில் விழும்?

அந்தப் புளுகை முழுசாக நம்பியவர் அவன் அப்பா. கடை மூலையில் நாற்காலி போட்டுக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம், "என் மூத்தவனும் அங்கதான். நாலு மணி நேரம். கூப்பிட்ட குரலுக்கு வந்துடுவான்" என்பார். மூத்தவன் வராத வருஷங்களையெல்லாம் அந்த நாலு மணி நேரத்தை வைத்துத்தான் தாங்கினார்.

ஒருநாள் அப்பா படுக்கையில் விழுந்தார். டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். மறுநாள் காலை அண்ணன் விமானத்திலிருந்து போன் செய்தான்: "ஏறிட்டேம்பா. வந்துட்டே இருக்கேன்."

அப்பா சட்டை மாற்றச் சொன்னார், தாடியை மழிக்கச் சொன்னார். மதியம் முழுக்க வாசலையே பார்த்தார். வெயில் இறங்கியதும் கேட்டார்.

"எங்கடா அவன்?"

"இன்னும் பறந்துக்கிட்டுதான் இருக்கான்பா. பதினாறு மணி நேரம் ஆகும்."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்தான். நாலு மணி நேரம்னு நான் சொன்னது பொய்ப்பா. வியாபாரத்துக்கு."

அப்பா சிரித்தார். "உன் அண்ணனைக் காப்பாத்துறியா? பொய்லயே பொழைச்சவன், இன்னிக்குன்னு பாத்து இப்படித் திணறுறியே. உன் டிக்கெட்டைக் கண்ணால படிச்சவன்டா நான். அவன் ஏறவே இல்ல."

நாலுமணி விளக்கைப் பொருத்தி, தண்ணீர்ச் செம்பைப் பூமியாக்கி அதன்முன் சுழற்றி, இங்கே பகலென்றால் அங்கே ராத்திரி என்று காட்டினான். சுழற்றிய வேகத்தில் தண்ணீர் அப்பாவின் புதுச் சட்டையில் கொட்டியது.

"செம்பைக் கீழ வைடா. வந்தான்னா என் முகத்தைக் காட்டாதே" என்று சொல்லி, அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். விளக்கு எரிந்துகொண்டிருந்தபோதே மூச்சு நின்றது.

விடியலில் அண்ணன் பெட்டியோடு ஓடிவந்தான். தலைவரைக்கும் போர்வை.

"கடைசியா என்னைப் பத்தி என்னடா சொன்னார்?"

"நீ கிளம்பிட்டேன்னு தெரிஞ்சதும் சந்தோஷமாப் போயிட்டார்ணா." வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு வந்தது பொய். அண்ணன் அப்படியே நம்பினான்.

"முகத்தைக் காட்டு."

"வேணாம்ணா."

அண்ணன் போர்வையை இழுத்தான். அப்பா சுவரைப் பார்த்தபடி விறைத்திருந்தார். அண்ணன் மெல்லத் திருப்பிப் பார்த்தான். பிறகு பலங்கொண்ட மட்டும் திருப்பினான். அந்தக் கழுத்து அசைந்து கொடுக்கவில்லை.