நடிகர் பேரிலேயே இருந்த வீடு

பொன்னமராவதிக்குப் பக்கத்தில் அந்த வீட்டை எல்லோரும் 'நடிகர் வீடு' என்றுதான் சொல்வார்கள். பஸ் கண்டக்டர்கூட அப்படித்தான் கத்துவார். நடிகர் செத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வீட்டில் இருந்தவர் அவருடைய டிரைவரின் மகள். ஐம்பது வயதிருக்கும். முன்கூடத்தில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார்.

நான் எம்.ஏ. வரலாறு முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல், பழைய வீடுகளைப் பற்றி வீடியோ போட்டுக்கொண்டிருந்தேன். இந்த வீட்டின் கதையைத் தோண்டி எடுத்தால் அரசாங்கம் நினைவில்லம் ஆக்கிவிடும், அங்கே குடியிருக்கும் அக்காவையே காப்பாளராகப் போட்டுவிடும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. வில்லங்கச் சான்று எடுத்தேன், பத்திர நகல் வாங்கினேன். பர்மாவில் கடை வைத்திருந்த ஒருவர் கட்டிய வீடு. கடை நொடித்ததும் அரிசி மில்காரருக்கு விற்றிருக்கிறார். அவரிடமிருந்து நடிகர் வாங்கியிருக்கிறார். அதற்குப் பிறகு பதிவே இல்லை.

"ஒங்க பேருக்கு எப்பக்கா மாத்துனீங்க?"

"மாத்தவேயில்லயே பாப்பா. நடிகரே எங்கப்பா கையில சாவியக் குடுத்து, 'இனிமே இது ஒன் வீடுடா'ன்னாரு. ஊரே நின்னு பாத்துச்சு. அப்புறம் பத்திரம் எதுக்கு?"

"வீட்டு வரி?"

ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து கவிழ்த்தார். அப்பா கட்டியது, இவர் கட்டியது, அத்தனை ரசீதும் நடிகர் பேரில். பஞ்சாயத்து ஆபீசில் பேரை மாற்றச் சொல்லியும் மறுத்துவிட்டாராம்.

"மனுசன் போயிட்டாருன்னா பேரையும் தூக்கிப் போட்றதா? நல்லாருக்கே!"

எனக்குப் புல்லரித்துவிட்டது. ரசீதுகளைத் தரையில் பரப்பி, சுவரில் மாட்டியிருந்த டிரைவர் படத்தையும் சேர்த்து எடுத்தேன். 'இறந்த பின்னும் வரி கட்டும் நடிகர்' என்று தலைப்பு வைத்தேன். 'வீடு இன்றைக்கும் அவர் பேரில்தான் இருக்கிறது' என்று பத்திரத்தை நெருக்கத்தில் காட்டிக் குரல் தழுதழுக்கப் பேசினேன். என்ன புத்திசாலித்தனம்!

வீடியோ ஓடு ஓடென்று ஓடியது. நினைவில்லம் பற்றி ஒரு ஆள் பேசவில்லை. மூன்றாம் மாதம் நடிகரின் பேரன்கள் இரண்டு பேர் வாரிசுச் சான்றிதழோடு காரில் வந்து இறங்கினார்கள். இப்படி ஒரு வீடு இருப்பதே அவர்களுக்கு என் வீடியோவைப் பார்த்துத்தான் தெரிந்ததாம். ஒருவன் எனக்குக் கை கொடுத்தான்.

"செம ரிசர்ச்ங்க. ரொம்ப தேங்க்ஸ்."

அக்காவைப் புதுக்கோட்டையில் ஒரு வக்கீலிடம் கூட்டிப் போனேன். அவர் ரசீதுகளைப் புரட்டினார்.

"இம்புட்டு வருசம் இருந்திருக்கீங்க, வாதாடலாம்னு பாத்தேன். ஆனா வருசா வருசம் இது அவரு வீடுதான்னு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரியில்ல இருக்கு? போதாததுக்கு வீடியோ வேற. யாரு எடுத்தது?"

"நாந்தான் சார்."

"கெட்டிக்காரப் பொண்ணு" என்று பையை என் பக்கமே தள்ளினார்.

பேரன்களிடம் வீட்டை வாங்கியவர்கள் இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டப் போகிறார்கள். மண்டபத்துக்கு நடிகர் பேரைத்தான் வைப்பார்களாம்.

தையல் மிஷினைக் குட்டியானை வண்டியில் ஏற்றிய அன்று போனேன். அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "வீடியோவ அழிச்சுட்டேன்க்கா" என்றேன்.

கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"அதுலயாச்சும் வீடு இருந்துச்சு. அதயும் அழிச்சுப்புட்டியா?"