மூன்று பேருக்கு ஒரு பந்து

போன வாரம் கடைவாய்ப் பல் வலியில் கன்னம் வீங்கி, நாகல் நகரில் ஒரு பல் மருத்துவரிடம் போய் உட்கார்ந்திருந்தேன். சுவரில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. ரிமோட் எங்கே என்று சீட்டுக் கொடுக்கும் பெண்ணுக்கே தெரியவில்லை. எப்போதோ யாரோ வைத்துவிட்டுப் போன சேனல் அப்படியே நின்றுவிட்டது. பச்சைப் பசேலென்று ஒரு புல்வெளி. தொப்பி போட்ட நாலைந்து பேர் நடக்கிறார்கள், நிற்கிறார்கள், குனிந்து தரையைப் பார்க்கிறார்கள், மறுபடி நடக்கிறார்கள். சத்தம் கிடையாது. என் பக்கத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாள் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நானும் செத்த நேரமாப் பாக்குறேன். என்னத்தத் தொலச்சுட்டுத் தேடுறாங்க?"

பந்தைத்தான் என்றேன். அம்புட்டுப் பேர் சேர்ந்து தேடியுமா கிடைக்கவில்லை என்று அவர் வருத்தப்பட்டார். சிரித்தால் பல் வலிக்கும் என்று தெரிந்தும் சிரித்துவிட்டேன். நானும் ஒரு காலத்தில் அப்படித் தேடியவன்தான் என்று அவரிடம் சொல்ல முடியவில்லை. உங்களிடம் சொல்லலாம்.

திண்டுக்கல்காரனுக்குக் கோல்ஃப் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். ஆட்டுத் தோல் வழியாக வந்தது. என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஜாபரின் அத்தாவுக்குத் தோல் ஷாப் இருந்தது. தோல் பதனிடும் ஆலையை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். படிப்பு முடிந்ததும் நான் அதன் ஆபீஸில் சேர்ந்தேன். அத்தாவுக்குப் பிறகு ஜாபர் முதலாளி ஆனான். கேட்டுக்கு உள்ளே அவனை மரியாதையாக 'நீங்க' என்பேன். கேட்டைத் தாண்டியதும் 'மாப்ள'தான். எது எங்கே என்று இரண்டொரு முறை நான் குழம்பி, தொழிலாளர்கள் முன்னால் அவனை 'ஏன்டா' என்றதும் உண்டு. அவன் காது கேட்காதவன் மாதிரி போய்விடுவான்.

அங்கே செம்மறித் தோலைக் கைக்குட்டை போல மெலிசாக்கி, வெள்ளையாக்கி வெளிநாட்டுக்கு அனுப்புவோம். அதில் கையுறை தைப்பார்களாம். அதுவும் ஒரு கைக்கு மட்டும். "இன்னொரு கை என்னடா பாவம் பண்ணுச்சு?" என்று ஜாபர் பல நாள் கேட்டுக்கொண்டிருந்தான். தோல் வாங்குகிற வெள்ளைக்காரர் ஒரு முறை நேரில் வந்தபோது அதை அவரிடமே கேட்டுவிட்டான். அவர் சிரித்து, அது கோல்ஃப் ஆடுவதற்கான உறை என்றார். அடுத்த முறை வரும்போது தன்னுடைய பழைய மட்டைகளை ஒரு நீளப் பையோடு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

பை வந்துவிட்டது. ஆடத் தெரிந்தவன் வேண்டுமே. அதற்குத்தான் ஆரோக்கியம் இருந்தான். அவனும் எங்கள் வகுப்பு. ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டர். எந்த விளையாட்டையும் பார்த்தால் போதும், அவன் உடம்புக்கு அது வந்துவிடும். வத்தலக்குண்டு ரோட்டில் தண்ணீர் இல்லாத கண்மாய் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இறங்கினோம். குழி தோண்டி அதில் பெயிண்ட் டப்பாவைப் புதைத்தோம். குச்சி நட்டு ஜாபரின் பழைய லுங்கித் துண்டைக் கட்டினோம். நான் அடித்தால் பந்து கிளம்பாது, கருவேல முள்ளும் மண்ணும்தான் கிளம்பும். ஜாபர் அடித்தால் பந்து கண்மாயைத் தாண்டிப் போகும். பிரேக் இல்லாத பஸ் மாதிரி ஓர் ஆட்டம் அவனுடையது. ஆரோக்கியம் அடிக்கும்போது மட்டும் ஆடு மேய்க்கிறவர்கள்கூட நின்று பார்ப்பார்கள். மட்டை பின்னால் போய்த் திரும்பி வருவது ஏதோ ஊஞ்சல் வருவது போல இருக்கும். 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். பந்து வானத்தில் எங்கேயோ புள்ளியாகத் தெரியும்.

பக்கத்திலேயே மலை இருக்கிறதே, அங்கே போகக் கூடாதா என்று கேட்பீர்கள். ஒரு முறை தெரிந்தவர் தயவில் கொடைக்கானலுக்குப் போனோம். வழியில் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது, பையைப் பார்த்த டீக்கடைக்காரர் மேலே எங்கே கச்சேரி என்று விசாரித்தார். மேலே போனால் மூடுபனி. பந்தை அடித்தோம், பனிக்குள் போயிற்று, அவ்வளவுதான். குளிரில் எனக்குப் பல் கிட்டிவிட்டது. "வெயில் இருக்கிற ஊராப் பாத்துப் போவோம்டா, நமக்கு அதான் சரி" என்று ஜாபர் முடிவு செய்தான்.

அவனுக்கு மலேசியாவில், பினாங்கில் ஒரு மச்சான் இருந்தார். அவர் தயவில் அங்கே லங்காவித் தீவில் கடலோரமாக, கோல்ஃப் மைதானத்தோடு இருந்த ஒரு ரிசார்ட்டில் வருஷா வருஷம் அறை கிடைத்தது. கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் கிளம்பி, புது வருஷப் பூசைக்குள் திரும்பிவிட வேண்டும் என்பது ஆரோக்கியத்தின் மனைவி ஸ்டெல்லா போட்ட நிபந்தனை. மார்கழியில்தான் எங்கள் ஊரில் லேசாகக் குளிர் எட்டிப் பார்க்கும். வருஷம் முழுக்க வெயிலைத் திட்டிவிட்டு, அந்த நாலு நாள் குளிரையும் விட்டுவிட்டு வெயிலைத் தேடி விமானம் ஏறியவர்கள் உலகத்திலேயே நாங்கள் மூன்று பேராகத்தான் இருப்போம்.

இப்போதும் எங்கேயாவது புல் வெட்டுகிற வாடை வந்தால் எனக்கு அந்தத் தீவின் காலைதான் வரும். ஈரப் புல், கடல் உப்பு, மூஞ்சியில் பூசிக்கொள்ளச் சொல்லி அறையில் வைத்திருந்த களிம்பின் தேங்காய் வாசனை. ஜாபர் அதைப் பூசிக்கொள்ளவே இல்லை. தோல் ஷாப்காரன் தோலை வெயில் என்ன செய்துவிடும் என்பான். குழியைச் சுற்றி மொட்டையடித்த தலை மாதிரி வழவழவென்று புல் இருக்கும். அதன்மேல் செருப்புக் காலோடு நடக்க எனக்கு முதல் நாள் மனசே வரவில்லை. ஓரத்து மரங்களில் குரங்குகள் உட்கார்ந்திருக்கும். ஸ்டெல்லா கொடுத்துவிட்ட அச்சு முறுக்கு டப்பாவை முதல் வருஷமே ஒரு குரங்கு தூக்கிக்கொண்டு போய், மூடியைத் திறந்து, ஒவ்வொன்றாகச் சாப்பிட்டது. எங்களுக்கு ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. ஊருக்கு வந்து, முறுக்கு ரொம்ப நன்றாக இருந்தது என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னோம்.

நான் சொல்ல வந்தது மூன்றாவது வருஷத்தைப் பற்றி.

அந்தத் தடவை கிளம்பியதிலிருந்தே ஆரோக்கியம் ஒரு மாதிரியாக இருந்தான். திருச்சியில் விமானம் ஏறியபின் டீ வந்தது, வேண்டாம் என்றான். வயிறு சரியில்லையாம். இடது கையை எந்நேரமும் பேன்ட் பைக்குள்ளேயே வைத்திருந்தான். வயசாகிவிட்டது, அவனுக்கும் பேச்சுக் குறைகிறது என்று நினைத்தேன். ஜாபர் எதையும் கவனிக்கவில்லை. அவன் பேசிக்கொண்டிருந்தான்.

முதல் நாள் ஆட்டத்தில் எல்லாம் வழக்கம் போலத்தான். ஆரோக்கியம் தூரத்துப் பந்துகளைப் பழையபடியே அடித்தான். ஆனால் குழிக்குப் பக்கத்தில் வந்ததும், நானே கண்ணை மூடிக்கொண்டு உருட்டிவிடக்கூடிய பந்துகளைத் தவறவிட்டான். ஜாபருக்கு ஒரே கொண்டாட்டம். மாஸ்டருக்கு மப்பு இறங்கிவிட்டது என்று சாயங்காலம் வரைக்கும் கேலி செய்தான். ஆரோக்கியம் சிரித்துக்கொண்டான்.

மறுநாள் காலை ஒரு குழிக்கு முன்னால் அவன் முறை. குனிந்து மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்தான். மட்டை நிற்கவில்லை. பந்தின்மேல் 'டொக் டொக்' என்று தட்டிக்கொண்டே இருந்தது. பந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தானே நகர்ந்தது. அவன் நிமிர்ந்து, வலது கையால் இடது கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு மட்டையைப் புல்லில் போட்டுவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தான். எங்களுக்குப் பின்னால் ஆட வந்த ஒரு ஜோடி காத்துக்கொண்டிருந்தார்கள். நான் கையைக் காட்டி அவர்களை முன்னால் போகச் சொன்னேன். அது ஒன்றுதான் எனக்குச் செய்யத் தோன்றியது.

"கை எம் பேச்சக் கேக்க மாட்டேங்குதுடா" என்றான் ஆரோக்கியம்.

மதுரையில் ஒரு டாக்டரிடம் தனியாகவே போய்ப் பார்த்திருக்கிறான். நடுக்க வியாதி, மாத்திரையில் கொஞ்சம் கட்டுப்படும், போகப் போகக் கூடும் என்று சொல்லிவிட்டாராம். ஸ்டெல்லாவிடம் சொல்லவில்லை. பள்ளியிலும் சொல்லவில்லை. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம் இருந்தது. பிள்ளைகளுக்கு ட்ரில் எடுக்கும்போது, நேராக நீட்டச் சொல்கிற கை தனக்கே நேராக நிற்காததை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டே நிற்கிறானாம். இந்த ஒரு தடவை வந்து ஆடிவிட்டு, அடுத்த வருஷம் ஏதாவது காரணம் சொல்லி நின்றுவிடலாம் என்று நினைத்துத்தான் வந்தேன் என்றான்.

நான் ஜாபரைப் பார்த்தேன். முந்தின நாள் முழுக்கக் கேலி செய்தவன். அவன் முகம் சுண்டிப்போய்விட்டது. புல்மேல் கிடந்த மூன்று பந்துகளையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்தான். கோபித்துக்கொண்டு அறைக்குப் போகிறான் என்று நினைத்தேன். அடுத்த குழிக்கான இடத்தில் போய் நின்றுகொண்டு எங்களைக் கூப்பிட்டான். போனோம். ஒரே ஒரு பந்தைத் தரையில் வைத்திருந்தான்.

"இனிமே மூணு பேருக்கும் ஒரு பந்துதான். தூரத்துக்கு நீ அடி. உருட்டுறத நாங்க பாத்துக்கிறோம்."

ஆரோக்கியம் அசையவில்லை. "பாவம் பாத்து யாரும் எங்கூட வெளையாட வேணாம்" என்றான்.

"பாவமா? பள்ளிக்கூடத்துலருந்து ஒங்கிட்டத் தோத்துத் தோத்து நொந்து போயிருக்கேன். ஒன்னையச் சேத்துக்கிட்டு ஜெயிக்க இப்பத்தான் ஒரு வழி கெடச்சிருக்கு. அடிடா."

யாரை ஜெயிப்பது என்று நான் கேட்கவில்லை. எங்களோடு போட்டிக்கு அங்கே யாரும் இல்லை.

ஆரோக்கியம் கடல் பக்கம் ஒரு முறை பார்த்தான். பிறகு மட்டையை எடுத்தான். பந்துக்கு முன்னால் நிற்கும்போது கை ஆடிற்று. என்னால் பார்க்க முடியவில்லை. ஆனால் மட்டை மேலே கிளம்பியதுதான் தாமதம், நடுக்கம் எங்கே போயிற்றோ தெரியாது. அதே ஊஞ்சல். அதே 'டக்'. முன்னால் இருந்த குளத்தைத் தாண்டி, பந்து நடுப்புல்லில் போய் விழுந்தது. பெரிய வீச்சுக்கு நடுக்கம் அவ்வளவாக வருவதில்லை, சும்மா இருக்கும்போதும் சின்ன வேலைக்கும்தான் அது வரும் என்று டாக்டர் சொன்னதாகப் பிறகு சொன்னான். அப்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டு பந்து போன திசையில் நடக்க ஆரம்பித்தான். நாங்களும் நடந்தோம்.

அதற்குப் பிறகு கஷ்டமெல்லாம் எனக்குத்தான். என் பந்து போனால் என்னோடு போகும் என்று இருந்தவன், மூன்று பேர் பந்தை உருட்டுகிறவன் ஆகிவிட்டேன். ஆரோக்கியம் அவ்வளவு அழகாகக் கொண்டுவந்து வைத்ததை நான் குழியை விட்டுத் தள்ளி உருட்டினால், இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்ப்பார்கள். மத்தியானம் அவர்கள் தூங்கும்போது நான் அறையின் கம்பளத்தில் டம்ளரைச் சாய்த்து வைத்துப் பழகிக்கொண்டிருந்தேன். பரீட்சைக்குக்கூட நான் அப்படிப் படித்ததில்லை.

திரும்பும்போது திருச்சியிலிருந்து கார். திண்டுக்கல் நெருங்க நெருங்க ஆரோக்கியத்துக்கு முகம் வாடிற்று. நீங்களும் வீட்டுக்குள் வாருங்கள், ஸ்டெல்லாவிடம் தனியாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை என்றான். போனோம். ஸ்டெல்லா எங்களை உட்காரவைத்துக் காபி கொண்டுவந்தார். எனக்கும் ஜாபருக்கும் டம்ளர் நிறைய. ஆரோக்கியத்துக்கு மட்டும் பெரிய டம்ளரில் பாதி. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான். பாதியிலேயே அவர் நிறுத்திவிட்டார்.

"தெரியுங்க. மூணு மாசமாத் தெரியும். நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தேன்."

ஆரோக்கியம் கையிலிருந்த அரை டம்ளரைப் பார்த்தான். எத்தனை நாளாக அப்படி வருகிறது என்று அவனுக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். ஜாபர் சட்டென்று எழுந்து, வீட்டில் தேடுவார்கள் என்று சொல்லி என்னையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான். 

அதற்குப் பிறகும் பல வருஷம் போனோம். மூன்று பேர், ஒரு பந்து. ஆரோக்கியம் ஓய்வு பெற்றபின்னும் போனோம். அவன் நடை சிறுத்தபோது, அந்தப் புல்வெளியில் ஓடும் சின்ன வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போனோம். பந்தைத் தரையில் வைப்பது ஜாபர், அடிப்பது ஆரோக்கியம், உருட்டுவது நான். கடைசிக் குழியை மட்டும் ஜாபர் எனக்கு விட்டுக்கொடுக்க மாட்டான். அந்த நாட்களில் நாங்கள் சிரித்த மாதிரி நான் வேறு எங்கேயும் சிரித்ததில்லை.

போகும் என்று நாங்கள் பயந்தது ஒன்று, போனது ஒன்று. எங்களில் கல்லுக்குண்டு மாதிரி இருந்தவன் ஜாபர். ஷாப்பை நடத்த முடியாமல் மூடினான், அப்போதுகூட அசரவில்லை. ஒரு நாள் காலைத் தொழுகை முடிந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நானும் ஸ்டெல்லாவும் ஆரோக்கியத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு கடைசியாக முகம் பார்க்கக் கூட்டிப்போனோம். அதோடு லங்காவி நின்றது. ஷாப் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். மட்டைப் பை யாரிடம் போயிற்று என்று தெரியவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் மட்டும் நான் ஆரோக்கியத்தின் வீட்டுக்குப் போய்விடுவேன். அவனால் இப்போது அதிகம் நடக்க முடியாது, பேச்சும் மெதுவாகத்தான் வரும். ஆனால் அந்தப் புல்வெளி முழுவதும் அவனுக்கு மனப்பாடம். கட்டிலில் சாய்ந்தபடியே முதல் குழியிலிருந்து ஆரம்பிப்பான். அவன் அடிப்பான், பந்து எங்கே விழுந்தது என்று நான் சொல்வேன். நான் உருட்டுவேன், தவறிவிட்டது என்று அவன் சொல்வான். அப்படியே கடைசிக் குழி வரைக்கும் வந்துவிடுவோம். அங்கே உருட்டுகிறவன் எப்போதும் ஜாபர். அந்த இடம் வந்ததும் இது ஜாபர் முறை என்று நான் சொல்வேன். அப்புறம் ஆரோக்கியம்தான் சொல்வான்.

"உள்ள போயிருச்சு."

ஆமாம் என்பேன். உயிரோடு இருந்தவரை அந்தக் குழியில் ஜாபர் ஒரு தடவைகூடச் சரியாக உருட்டியதில்லை.