கியர்பாக்ஸுக்கு அடியில் வைத்த தோல்

என் ஜீப்பில் ஒரு சத்தம் இருந்தது. கிளட்சை விட்டு வண்டி நகரும்போது இருக்கைக்குக் கீழே டொக்கென்று ஒரு அடி. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்னொரு அடி. மேட்டில் ஏறினால் சம்மட்டி கொண்டு யாரோ அடியிலிருந்து தட்டுவதுபோல் விடாமல் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு எங்கள் ஊரில் எல்லோரும் சேர்ந்து கண்டுபிடித்த காரணம் நான்தான்.

அது என் அப்பாவின் வண்டி. நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப். தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு வேண்டிய மரப்பட்டையை மலையடிவாரங்களிலிருந்து ஏற்றிவர வாங்கினார். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. அப்பாவுக்குப் பிறகு வண்டி என்னிடம் வந்தது. நான் அதில் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிப்போனேன். ஆம்பூரைச் சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் கம்பெனி வேன் போகும். மலையடியில் ஒரு சின்ன ஊருக்கு மட்டும் போகாது. வழியெல்லாம் ஓடைக்கல்லும் சரிவும். அங்கே என் ஜீப் போகும். காலையில் போய் ஏற்றி கம்பெனி வாசலில் விடுவேன், சாயங்காலம் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டும்தான் அந்நாளில் நான் யாருக்கும் பதில் சொல்லவேண்டாத நேரம். அதனால் அந்த இருக்கை எனக்கு அவ்வளவு பெரியது.

என் வீட்டுக்காரர் வேறொரு கம்பெனியில் சோல் வெட்டும் பிரிவில் சூப்பர்வைசர். கெட்ட மனுஷர் என்று சொல்லமாட்டேன். கை நல்ல கை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. எது உடைந்தாலும், எது ஆடினாலும், ஒரு துண்டுத் தோல் வெட்டிவைத்தால் தீர்ந்தது என்பார்கள். அடிபம்ப்புக்குத் தோல் வாசர், கதவுக் கீலுக்குத் தோல், கட்டில் காலுக்கடியில் தோல், மிக்ஸி அதிர்ந்தால் அதற்கும் தோல். கம்பெனியிலிருந்து வருகிற துண்டு இல்லாத வீடு எங்கள் தெருவில் இல்லை. பாதி இடங்களில் அது வேலையும் செய்யும். அதுதான் ஆபத்து.

கியர்பாக்ஸ் ஜீப்பின் அடிச்சட்டத்தில் ஒரு ரப்பரின்மேல் உட்கார்ந்திருக்கும். மவுன்டிங் என்பார்கள். வண்டியின் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு மழைக்காலத்தில் அந்த ரப்பர் பிய்ந்துபோனது. வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "கடை ரப்பர் இன்னாத்துக்கு? ஒரு வருஷம் தாங்காது" என்று சோல் தோலை வெட்டி அடுக்கினார். சொல்யூஷன் போட்டு ஒட்டி, ஓரத்தைச் சீவி, துளைபோட்டு, வெளிநாட்டுக்கு அனுப்பும் சாம்பிள்போல் பளபளவென்று கொண்டுவந்தார். மாட்டிய மெக்கானிக் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

சில வாரம் வண்டி கம்மென்று ஓடியது. பிறகு சத்தம் வந்தது. தோலின்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவ்வளவு நல்ல தோல், அவ்வளவு நல்ல கை, அதில் எப்படிக் குற்றம் வரும்? ஆகவே மற்ற எல்லாவற்றின்மேலும் சந்தேகம் போனது. கிளட்ச் பிளேட்டை மாற்றினார்கள். இன்ஜினுக்கடியில் இருக்கிற ரப்பர்களை மாற்றினார்கள். கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டின் முனையில் கிராஸ் என்று ஒன்று இருக்கும். அதை மாற்றினார்கள். அது மறுபடி தேய, மறுபடி மாற்றினார்கள். மாற்றுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாதபோது வண்டியில் நான் இருந்தேன்.

"உனுக்கு கிளட்ச் விடத் தெரில," என்றார் வீட்டுக்காரர். "பட்டுனு வுட்டா கிராஸ் இன்னா பண்ணும், பாவம்."

கிராஸ் பாவமாம். மெக்கானிக்குகள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு எந்த ஷெட்டுக்குப் போனாலும் நான் போய்ச் சேர்வதற்குள் அவருடைய போன் போய்ச் சேர்ந்துவிடும். நான் சத்தம் எங்கே வருகிறது என்று சொல்ல ஆரம்பித்தால், "அண்ணன் சொன்னாரும்மா, கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க" என்பார்கள். பல வருஷம் அந்தக் கல்வழியில் ஓட்டியவளுக்கு இந்தப் புத்திமதி. எரிச்சலில் எனக்கு அழுகைதான் வரும். அங்கே அழுதால் அதுவும் ஒரு காரணமாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிடுவேன்.

ஒருநாள் காலை, பெண்களை ஏற்றிக்கொண்டு ஓடையிலிருந்து மேலேறும்போது கிராஸ் உடைந்து தண்டு கழன்று தரையில் இடித்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் எல்லோரும் இறங்கி மெயின்ரோடுவரை நடந்தார்கள். கம்பெனி கேட்டில் நேரமாகிவிட்டது என்று உள்ளே விடவில்லை. அந்தச் சமயம் என் வீட்டுக்காரரின் கம்பெனியில் சோல் பிரிவையே மூடிவிட்டார்கள். அவர் வீட்டில் இருந்தார். புதுக் கிராஸ் மாட்டி வண்டி வீட்டுக்கு வந்த மறுநாள் ஆணியில் தொங்கிய சாவியை அவரே எடுத்தார். நான் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். மலையடி ஊரில் எல்லோர் முன்னாலும், "இனிமே நான்தான் ஓட்டுவேன், பயப்படாம ஏறுங்க" என்றார். என்னைப் பார்க்காமல்தான் ஏறினார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் ஓட்டும்போதும் அதே டொக். பின்னால் இருந்த அக்கா ஒருத்தி, தையல் பிரிவில் வெகுநாளாக இருப்பவள், "ரோடு ரொம்ப பேஜாரா கீது அண்ணா" என்றாள். நான் ஓட்டினால் கை. அவர் ஓட்டினால் ரோடு.

ஆனால் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்ததில் ஒரு லாபம் இருந்தது. ஓட்டுகிறவர் ரோட்டைப் பார்க்கவேண்டும். நான் கியர் கம்பியைப் பார்த்தேன். அவர் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் கம்பி தானாக ஒரு பக்கம் குதித்தது. காலை எடுத்தால் திரும்பியது. ரிவர்ஸ் எடுத்தபோது எதிர்ப்பக்கம் சாய்ந்தது. கம்பி கியர்பாக்ஸில் நிற்கிறது. கம்பி குதித்தால் கியர்பாக்ஸே குதிக்கிறது என்று அர்த்தம். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், வேறொருத்தர்மேல் பழிபோட்டு முடித்துவிடும் அவசரம் இல்லாமல் இருந்தால் போதும்.

அன்று மத்தியானம் அவர் சாப்பிட்டுப் படுத்ததும் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போனேன். டயர் கழற்றும் லிவரை வைத்துக் கியர்பாக்ஸை நெம்பினேன். சும்மா எழுந்து வந்தது. ஜாக்கி கொடுத்து நட்டைக் கழற்றித் தோலை உருவினேன். ஆயில் குடித்து ஊறி, நசுங்கி, பழைய செருப்பின் குதிகால்போல் ஒருபக்கம் தேய்ந்திருந்தது. மறுபக்கம் சைலன்சர் சூட்டில் காய்ந்து மரக்கட்டை. அதன்மேல் கியர்பாக்ஸ் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து போகும் தண்டும் கோணலாகச் சுற்றுகிறது. பிறகு எந்தக் கிராஸ்தான் நிற்கும்?

எழுப்பி அவர் கையில் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தார்.

"ஆயில் ஒழுகவுட்டா எந்தத் தோலும் இப்டித்தான் ஆவும். நீ ஆயில் சீல பாத்துருக்கணும்" என்றார். பிறகு, "இதவிட கெட்டியா ஒண்ணு வெட்றேன்" என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்தத் தோலை அவர் முகத்தில் எறிந்திருக்கலாம். எறியவில்லை. இருந்த இடத்திலேயே திரும்ப மாட்டிவைத்தேன்.

அந்த வாரக் கடைசியில் அவர் அரக்கோணத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனார். நான் வண்டியை எடுத்துக்கொண்டு வேலூருக்குப் போனேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர், "வூட்டுக்காரர அனுப்பும்மா, மாடல் மாறிடும்" என்றார். வண்டி வெளியே நிற்கிறது, வந்து பாருங்கள் என்றேன். எங்கள் ஊர்ப் போன் எட்டாத ஒரு ஷெட்டில் கொடுத்து, நான் சொன்னதை மட்டும் செய்யச் சொன்னேன். தோலை எடுத்துவிட்டு ரப்பர் போட்டார்கள். சீலும் கிராஸும் புதிதாக மாட்டினார்கள்.

திரும்பிவரும்போது பள்ளிகொண்டா தாண்டி, ரோடு காலியாக இருந்த இடத்தில், ஆக்சிலேட்டரை வேண்டுமென்றே மிதித்து மிதித்து விட்டேன். டொக் இல்லை. ரிவர்ஸ் எடுத்துப் பார்த்தேன். இல்லை. கம்பி அசையாமல் நின்றது. வண்டியை ஓரமாக நிறுத்திச் சிரித்தேன், கொஞ்சம் அழுதேன். திங்கட்கிழமை நான்தான் ஓட்டப்போகிறேன் என்று இருந்தது.

திங்கட்கிழமை காலை சொன்னேன். "ரப்பர் போட்டுட்டேன். சத்தம் சுத்தமா இல்ல. இன்னிக்கி நான் எடுக்கறேன்."

"அப்டியா, நல்லதா போச்சி," என்றார். சாவியை எடுத்துக்கொண்டு வழக்கம்போல் ஓட்டும் இருக்கையில் ஏறினார்.

மலையடி ஊரில் பெண்கள் ஏறினார்கள். ஓடையில் இறங்கி மேலேறினோம். சத்தமே இல்லை. அவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்டது. தையல் பிரிவு அக்கா முன்னால் குனிந்து, "அண்ணா கைக்கு வந்ததுக்கப்புறம் வண்டி எப்டி அடங்கிடுச்சி பாத்தியாக்கா" என்றாள் என்னிடம்.

"ரப்பர் மாத்துனேன். நான்தான் மாத்துனேன்" என்றேன்.

"சரிக்கா, சரிக்கா" என்றாள். கோபித்துக்கொண்ட குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னாள்.

"ரப்பரும் ஒரு காரணம்தான்," என்றார் அவர், ரோட்டைப் பார்த்தபடி. "கையும் வேணும்ல."

வீட்டுக்கு வந்து சண்டை போட்டேன். என் வண்டி, என் அப்பா வண்டி, சாவியைக் கொடு என்று தெருவே கேட்கக் கத்தினேன். அவர் எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நான் வேலையில்லாம வூட்ல குந்திகினு இருக்கறப்ப நீ வண்டி எடுத்துகினு போனா, பாக்கறவன் இன்னா சொல்வான்?"

அவ்வளவுதான் விஷயம். இதைச் சாவியை எடுத்த அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் வண்டிக்கு அடியில் போயிருக்கவே மாட்டேன். அதற்கு எந்தக் கடையிலும் ரப்பர் விற்பதில்லை.

இன்றும் அவர்தான் ஓட்டுகிறார். நான் பக்கத்து இருக்கையில் போய்வருகிறேன். வேறெந்தக் கம்பெனியிலும் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. அது எனக்கு வருத்தம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் ஓடை மேட்டில் வண்டி ஏறும்போதெல்லாம் ஒரே ஒரு தடவையாவது டொக்கென்று கேட்காதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கேட்பதில்லை. வேலையை அவ்வளவு சுத்தமாகச் செய்துவைத்துவிட்டேன்.